சுளகும் மடிக்கணினியும்

அலுவலக வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பது, 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய நாடு தழுவிய ஊரடங்குக்குப் பிறகே தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் அன்றாடப் பேச்சாகியது என்றாலும், கூலிக்கான உழைப்பை வீட்டுக்குள்ளேயே செய்து முடிக்கும் வழக்கம் திருநெல்வேலிச் சீமையில் தலைமுறைக் கணக்கில் பழையது. முக்கூடல், வீரவநல்லூர், மேலப்பாளையம் ஆகிய தாமிரபரணிப் பக்கத்து ஊர்களிலும், 2019 நவம்பரில் தென்காசி மாவட்டத்தோடு பிரிந்துபோன ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் பகுதிகளிலும், தெற்கே நாங்குநேரி வட்டாரத்துச் சிற்றூர்களிலும் பெண்கள் திண்ணையிலோ, நெல்லைப் பக்கம் தார்சா என்று வழங்கும் முன்கட்டிலோ அமர்ந்து பீடி சுற்றி வந்திருக்கிறார்கள். பத்தமடையின் கோரைப்பாயும் வீரவநல்லூரின் கைத்தறித் துணியும்கூடப் பெரும்பாலும் வீட்டுக்குள் பிறந்தவையே. ஊரடங்கில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஊர் திரும்பிய மென்பொருள் ஊழியர்கள் இத்தகைய வீடுகளில்தான் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தனர். தாய் பீடி சுற்றிச் சேர்த்த காசில் பொறியியல் படித்த மகனும் மகளும் அவர்களில் உண்டு. சில மாதங்களில் அவர்களுக்கு வலி கண்ட இடங்கள், தாய்க்குப் பல ஆண்டுகளாக வலித்துக்கொண்டிருந்த அதே இடங்கள்: பிடரி, தோள்பட்டை, மணிக்கட்டு, குறுக்கு.

இந்த ஒற்றுமைக்குக் காரணம் உண்டு. மனித உடலுக்குத் தான் செய்யும் வேலையின் மதிப்போ, அதற்குக் கிடைக்கும் ஊதியமோ தெரியாது. எந்த மூட்டு எவ்வளவு நேரம் எந்தக் கோணத்தில் நின்றது, எந்தத் தசை எத்தனை முறை சுருங்கியது, இடையில் எவ்வளவு ஓய்வு கிடைத்தது என்பவற்றை மட்டுமே அது கணக்கில் கொள்கிறது. இக்கணக்கை ஆராயும் துறைக்குத் தமிழில் பணிச்சூழலியல் என்று பெயர். ஆங்கில வழக்கையொட்டி எர்கோனாமிக்ஸ் என்றும் சொல்வதுண்டு. உழைப்பு, நியதி என்னும் பொருள்தரும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இப்பெயரை 1857 ஆம் ஆண்டில் ஆக்கியவர் போலந்து நாட்டு அறிஞர் வோய்ச்செக் யாஸ்த்ஷெம்போவ்ஸ்கி. இரண்டாம் உலகப்போருக்குப் பின் இங்கிலாந்தில் இது தனித்துறையாக வேரூன்றியது. வேலைக்கு ஏற்ப மனிதரை வளைப்பதை விட்டு, மனித உடலுக்கு ஏற்ப வேலையையும் கருவியையும் இருக்கையையும் அமைக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை விதி.

பெயர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே நோய் அறியப்பட்டிருந்தது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமத்சினி, 1700 ஆம் ஆண்டில் வெளியிட்டு 1713 இல் விரிவாக்கிய தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலில், எழுத்தர்களின் உடல்நலிவுக்கு ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, பிழை நேராமல் இருக்க மனம் இடைவிடாது கவனத்தில் இறுகியிருப்பது என மூன்று காரணங்களைக் குறித்தார். முந்நூறு ஆண்டு கழித்து வாசிக்கும்போது, எழுத்தர் என்ற இடத்தில் நிரல் எழுதுபவர் என்றோ பீடி சுற்றுபவர் என்றோ மாற்றிப் போட்டாலும் பொருள் பிசகுவதில்லை. இங்கிலாந்தில் தந்தி அனுப்பும் ஊழியரின் கைப்பிடிப்பு நோய், 1908 ஆம் ஆண்டிலேயே இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆகவே உட்கார்ந்து செய்யும் வேலையால் உடல் கெடும் என்பது கணினி கொண்டுவந்த புதுச்செய்தியன்று.

பீடி சுற்றும் வேலையைச் சற்று நெருங்கிப் பார்த்தால்தான் வலியின் வழி புலப்படும். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா போன்ற மாநிலங்களின் காடுகளிலிருந்து வரும் பீடி இலையும், எடை போட்டுக் கொடுக்கப்படும் புகையிலைத் தூளும் பீடிக்கடையிலிருந்து வீட்டுக்கு வருகின்றன. இலையை நனைத்துப் பதப்படுத்தி, தகட்டை வைத்து அளவாகக் கத்தரித்து, தூளை இட்டுச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலால் கட்டுவது வரை யாவும் மடியில் வைத்த சுளகின்மேல் நடக்கின்றன. பிற பகுதிகளில் முறம் எனப்படுவதே இங்கே சுளகு. நாளொன்றுக்கு ஐந்நூறு முதல் ஆயிரம் வரை சுற்றுவது வழக்கம். பத்து மணி நேரத்தில் ஆயிரம் என்று வைத்துக்கொண்டால், இலை வெட்டும் நேரத்தையும் உள்ளடக்கி ஒரு பீடிக்குக் கிடைப்பது 36 வினாடி. அந்த 36 வினாடிக்குள் கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் உருட்டி, அழுத்தி, மடக்கி, முடிந்து, அடுத்த இலைக்குப் போயாக வேண்டும். கண் பார்க்க வேண்டிய பொருள் மடியில் கிடப்பதால் தலை முழுதும் குனிந்தே இருக்கும். வெளிச்சம் குறைந்த அறையாக இருந்தால் இன்னும் குனியும்.

தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. முதுகெலும்பின் உச்சியில் அது நேராக நிற்கும்போது எலும்பும் எலும்பிடைத் தட்டுகளும் பெரும்பங்கு எடையைத் தாங்கிக்கொள்வதால் கழுத்துத் தசைகளுக்கு வேலை குறைவு. முன்னே சாயச் சாய, அந்த எடை கவிழ்ந்துவிடாமல் இழுத்துப் பிடிக்கும் பொறுப்பு பிடரித் தசைகளுக்கு வந்துவிடுகிறது. நீர் நிறைந்த குடத்தை இடுப்பில் அணைத்து எடுத்துப்போகிறவருக்கும், அதே குடத்தைக் கையை முன்னே நீட்டித் தூக்கிப் பிடிக்கிறவருக்கும் உள்ள வேறுபாடுதான் இது. குடத்தின் எடை மாறவில்லை, உடலிலிருந்து அதன் தொலைவு மாறியதால் சுமை பெருகுகிறது. அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் 2014 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, தலை 15 பாகை குனிந்தால் கழுத்தெலும்பின்மேல் விழும் சுமை 12 கிலோ அளவுக்கும், 60 பாகை குனிந்தால் 27 கிலோ அளவுக்கும் உயர்கிறது. இவ்வெண்கள் உயிருள்ள கழுத்தில் அளந்தவை அல்ல, இயந்திரவியல் மாதிரியில் கணக்கிட்டவை. ஆகையால் கடைசி கிலோ வரை பிடித்துத் தொங்க வேண்டியதில்லை, ஆனால் சுமை பல மடங்காகும் என்னும் செய்தி உறுதியானது. கைப்பேசியைப் பற்றிப் பேசும்போது உலகமெங்கும் எடுத்துக்காட்டப்பட்ட இந்தக் கணக்கு, சுளகின்மேல் குனிந்த தலைக்கும் ஒரு மாற்றமும் இன்றிப் பொருந்துகிறது.

குனிவதைவிடவும் கெடுதல் செய்வது, குனிந்த நிலையிலேயே நிற்பது. தசை சுருங்கி விரியும்போது இரத்தம் உள்ளே வந்து வெளியே போகிறது. சுருங்கியபடியே நெடுநேரம் நின்றால், தசைக்குள் உண்டாகும் அழுத்தம் சிறு இரத்தக்குழாய்களை நெருக்கி, வரவேண்டிய உயிர்வளியையும் போகவேண்டிய கழிவையும் தடுக்கிறது. அசையாமல் தாங்கும் இந்த உழைப்பை நிலைச்சுமை என்று துறையினர் அழைப்பர். வயலில் நாற்று நடுகிறவரின் உடல் பார்ப்பவர் கண்ணுக்கு வருந்தி உழைக்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் உடல் ஓய்ந்திருப்பதுபோல் தோன்றுகிறது. இந்தத் தோற்றமே வீட்டு வேலையின் வலியை நெடுங்காலம் பிறர் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. உட்கார்ந்த இடத்தில் செய்வதுதானே என்னும் சொல், பீடித் தொழிலாளரும் கணினி ஊழியரும் ஒருசேரக் கேட்டுச் சலித்த சொல்லாகும்.

முதுகெலும்பின் இடைத்தட்டுகளைப் பற்றிச் சிறிது விளக்குவது பயன்தரும். ஒரு முள்ளெலும்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் மெத்தைபோல் அமைந்து, உள்ளே கூழ் போன்ற பொருளையும் சுற்றிலும் நார்வளையங்களையும் கொண்ட இத்தட்டுகளுக்கு, வளர்ந்த மனிதரில் தமக்கென இரத்தக்குழாய் கிட்டத்தட்ட இல்லை. அக்கம்பக்கத்து எலும்பிலிருந்து ஊறிவரும் ஊட்டத்தையே நம்பியிருக்கின்றன. படுத்திருக்கும் இரவில் நீரை உறிஞ்சிப் பருத்து, பகலில் பாரம் ஏறும்போது நீரை இழந்து சற்றே தட்டையாகின்றன. 1960களில் சுவீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாக்கெம்சன் என்னும் மருத்துவர், இடைத்தட்டுக்குள் ஊசிவழி அழுத்தமானி செலுத்தி அளந்து, சாய்மானம் இன்றி உட்காரும்போது நிற்பதைவிட அழுத்தம் கூடுவதாகவும், முன்னே குனிந்து உட்காரும்போது மேலும் கூடுவதாகவும் கண்டார். 1999 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஒரே ஒரு தன்னார்வலரிடம் நடந்த மறு அளவீட்டில், தளர்ந்து சாய்ந்து உட்காருவது நிற்பதைவிட மோசமில்லை என்று தெரியவந்தது. உட்காருவதே குற்றம் என்னும் முடிவு இதனால் தளர்ந்தாலும், சாய்மானம் இன்றி முன்வளைந்து உட்காருவதைப் பற்றி இரண்டு ஆய்வுகளுக்கும் கருத்து வேறுபாடில்லை. மடியில் சுளகு வைத்தவரும், கட்டிலில் சம்மணமிட்டு மடியில் கணினி வைத்தவரும் உட்காருவது அப்படித்தான்.

தரையில் உட்காருவதைப் பற்றி இரண்டு தீவிரக் கருத்துகள் உலவுகின்றன. சம்மணம் போட்டால் எல்லா நோயும் தீரும் என்பார் ஒரு சாரார், தரையில் உட்காருவதே மூட்டைத் தேய்க்கும் என்பார் மற்றொரு சாரார். இரண்டும் பாதி உண்மை. இடுப்பும் முழங்காலும் முழு வீச்சில் மடங்கி விரிவதால் தரையில் உட்கார்ந்து எழும் பழக்கம் மூட்டின் இயக்கத்தைக் காக்கிறது என்பது சரியே. ஆனால் அந்த நன்மை உட்காருவதிலும் எழுவதிலும் இருக்கிறதேயன்றி, எட்டு மணி நேரம் எழாமல் மடங்கியே கிடப்பதில் இல்லை. முழங்காலை முழுதும் மடக்கிய நிலையில் மூட்டுச் சில்லின் பின்புறத்து அழுத்தம் மிகுகிறது. ஏற்கனவே தேய்மானம் கண்ட நடுவயதுப் பெண்ணுக்குச் சம்மணத்திலிருந்து எழும் அந்த ஒரு நொடியே நாளின் பெருந்துன்பமாகிவிடுகிறது.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் பழைய தொழில்கள் இந்தச் சிக்கலை அறியாமல் இருக்கவில்லை. வீரவநல்லூர் போன்ற நெசவு ஊர்களின் குழித்தறியைக் கவனித்தால், நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்தாலும் கால்கள் குழிக்குள் தொங்கி மிதிகட்டையை இயக்குகின்றன. முழங்கால் மடங்கிச் சிறைப்படுவதில்லை, மிதிப்பதால் காலில் இரத்தம் தேங்குவதும் இல்லை, துணி மடியின் அருகே கைக்கு எட்டும் உயரத்தில் நிற்கிறது. பழைய வணிக மண்டிகளில் கணக்குப்பிள்ளைகள் முன்னால் வைத்து எழுதிய சாய்வு மூடிப் பெட்டியும் இதே அறிவின் விளைவு. ஏடு சாய்ந்து கண்ணை நோக்கி உயர்ந்ததால் கழுத்து அவ்வளவு குனிய வேண்டியிருக்கவில்லை. தரையில் உட்காரும் பண்பாடு தனக்கான பணிச்சூழலியலைத் தானே கண்டுபிடித்திருந்தது என்பதற்கு இவை சான்றுகள். பீடி சுற்றும் பெண்ணுக்கு மட்டும் அத்தகைய கருவி ஏதும் வாய்க்கவில்லை. தூற்றவும் புடைக்கவும் படைத்த சுளகே அவருடைய மேசையாயிற்று. பல இலட்சம் பீடி இறங்கிய மடிக்கு ஒரு பலகையைக்கூட எவரும் வடிவமைக்காமல் போனது, அத்தொழிலில் இருந்தவர்கள் பெண்கள் என்பதாலும், இடம் அவர்கள் வீடு என்பதாலுமே.

கையின் நிலையும் தனியே பேசத்தக்கது. விரல்களை இயக்கும் தசைகள் முன்கையில் இருக்க, அவற்றின் கயிறு போன்ற நீட்சிகளான தசைநாண்கள் மணிக்கட்டின் ஒடுங்கிய வழியே விரலுக்குச் செல்கின்றன. உள்ளங்கைப் பக்கத்தில், எலும்புகள் தரையாகவும் உறுதியான நார்ப்பட்டை கூரையாகவும் அமைந்த சுரங்கம் ஒன்றன் வழியே ஒன்பது தசைநாண்களும் நடுநரம்பு எனப்படும் ஒரு நரம்பும் போகின்றன. மணிக்கட்டை மடக்கியோ நிமிர்த்தியோ வைத்து விரல்களை ஓயாது இயக்கினால் உறைகள் வீங்கி இடம் நெருங்கி நரம்பு நசுங்குகிறது. கட்டைவிரல், ஆட்காட்டிவிரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப்போய்த் தூக்கத்தைக் கெடுப்பது இதன் அடையாளம். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் ஏற்படும் மற்றொரு வலியை 1895 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குர்வேன் விவரித்தார்; கட்டைவிரலை அகற்றி நீட்டும் தசைநாண்களின் உறை தடிப்பதால் வருவது அது. கத்தரியால் இலை வெட்டும் கைக்கும், கைப்பேசியில் கட்டைவிரலால் தட்டெழுதும் கைக்கும் இது வரலாம்; பச்சைக் குழந்தையைத் தூக்கும் தாய்க்கும் வருவதுண்டு. ஒரே வீட்டில் இம்மூன்றையும் செய்யும் பெண்கள் இருக்கிறார்கள்.

வலியைச் சொல்ல இப்பகுதித் தமிழில் இருக்கும் சொற்களைக் காது கொடுத்துக் கேட்டால், பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும். வேலை முடிந்த மாலையில் தோளில் எழும் எரிச்சல் கலந்த அசதியைக் கடுப்பு என்கிறார்கள். ஓய்வால் தணியும் தசைக்களைப்பு அது. கழுத்தைத் திருப்ப முடியாமல் இறுகுவது பிடிப்பு. இரவில் காலிலும் முட்டிலும் ஆழத்தில் நோவது உளைச்சல். எலும்புக்குள் துளைப்பதுபோல் நோவதைக் குடைச்சல் என்பார்கள். தோளிலிருந்து விரல்வரை, அல்லது குறுக்கிலிருந்து கெண்டைக்கால்வரை மின்னல்போல் ஓடும் வலியும், மரத்துப்போவதும், எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வும் நரம்பு நெருக்கப்படுவதைக் காட்டுவன. கடுப்போடு மருத்துவரிடம் ஓட வேண்டியதில்லை. மரப்போடு காலம் கடத்தக் கூடாது. எல்லாவற்றையும் உடம்பு வலி என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிச் சொல்லும்போது, கேட்கும் மருத்துவருக்கும் வலி மாத்திரை ஒன்றைத் தவிர வேறு வழி தோன்றாமல் போகிறது. ஊர்ச்சொல்லைக் கூச்சமின்றி அப்படியே சொல்வது நல்லது.

வலிக்கு மருந்து என்றதும் எண்ணெய் நினைவுக்கு வரும்; நாங்குநேரிக்கும் எண்ணெய்க்கும் உள்ள உறவு தொன்மையானது. வானமாமலைப் பெருமாள் கோயிலில் நாள்தோறும் நடக்கும் திருமுழுக்கின் எண்ணெய், கோயில் வளாகத்து எண்ணெய்க் கிணற்றில் சேர்க்கப்பட்டு, நோய் தீர்க்கும் மருந்தாக மக்களால் வாங்கிச் செல்லப்படுகிறது. 1964 ஆம் ஆண்டு முதல் சித்த மருத்துவக் கல்லூரி இயங்கும் பாளையங்கோட்டையும் அருகிலேயே உள்ளது. வர்மமும், தொக்கணம் என்னும் உடல் தேய்ப்பு முறையும் அறிந்த கைகளுக்குத் தென்மாவட்டங்களில் குறைவில்லை. இளஞ்சூட்டு எண்ணெய் தேய்ப்பு, ஒத்தடம் ஆகியவை இறுகிய தசையைத் தளர்த்தி உடனடி ஆறுதல் தருபவை. அவற்றை ஏளனம் செய்வதற்கில்லை. ஆனால் காலையில் எழுந்து அதே சுளகின்மேல் அதே கோணத்தில் குனிந்தால் மாலையில் வலி திரும்பி வரும். மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கும் வலி மாத்திரையைப் பொறுத்தவரை எச்சரிக்கை இன்னும் கடுமையாக இருக்க வேண்டும்: டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை மருத்துவர் மேற்பார்வையின்றி மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையில் புண்ணும், சிறுநீரகத்துக்குக் கேடும் வரக்கூடும், சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் உள்ளவர்களுக்கு ஆபத்து மிகுதி.

இத்தொழிலாளரை நாட்டின் சட்டம் முற்றிலும் மறந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. 1966 ஆம் ஆண்டின் பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளர் என்றே ஏற்றது. அதை எதிர்த்து நிறுவனங்கள் தொடுத்த வழக்குகளில் 1974 இல் உச்சநீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது. 1976 இல் பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டம் வந்தது. முக்கூடலில் பீடித் தொழிலாளருக்கென மருத்துவமனையே உண்டு. ஆயினும் 1966 சட்டத்தின் ஓர் ஓரத்தில் இருந்த சிறு தொடர் பெரிய விளைவை உண்டாக்கியது. நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வேலை நேர வரம்பும், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகாமல் அரைமணி ஓய்வு தரவேண்டும் என்ற விதியும், இடவசதி, வெளிச்சம், காற்றோட்டம் பற்றிய விதிகளும் தொழில்வளாகத்துக்கு உரியவையாக இருந்தன. தொழில்வளாகம் என்பதற்குச் சட்டம் தந்த வரையறையோ, தனியார் குடியிருக்கும் வீட்டை வெளிப்படையாகவே விலக்கிவிட்டது. பீடிக்கொட்டகையில் உட்கார்ந்தால் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும் முதுகு, திண்ணைக்கு வந்ததும் தெரியாமல் போயிற்று. வீட்டு வேலையாளரின் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் வலியுறுத்திப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996 இல் 177 ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியபோது, அதற்காக உழைத்தவர்களுள் 1972 இல் எலா பட் அகமதாபாத்தில் தொடங்கிய சேவா என்னும் பெண் தொழிலாளர் சங்கமும் ஒன்று. ஆனால் இந்தியா அதற்கு இன்னும் ஒப்புதல் அளிக்கவில்லை.

ஓய்வைத் தடுப்பது சட்டத்தின் இந்த இடைவெளி மட்டுமன்று. கூலி கணக்கிடும் முறையும்தான். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும்போது எழுந்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் கையில் வரவேண்டிய காசிலிருந்து கழிகிறது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள் என்னும் அறிவுரை மாதச்சம்பளக்காரருக்கு இலவசம். பீடித் தொழிலாளருக்கு அதற்கு விலை உண்டு. இந்த உண்மையை எண்ணாமல் எழுதப்படும் பணிச்சூழலியல் அறிவுரை எதுவும் நேர்மையானதாகாது. மென்பொருள் ஊழியரிடமும் இதன் சாயல் இருக்கிறது: முடிக்க வேண்டிய பணியின் கெடுவும், இணைப்பில் இருக்கிறாரா என்று காட்டும் பச்சைப் புள்ளியும் அவரை நாற்காலியோடு கட்டிப்போடுகின்றன. நாங்குநேரியில் உயர்தொழில்நுட்பச் சிறப்புப் பொருளாதார மண்டலம் அமைக்கும் திட்டம் எண்ணியபடி வளராமல் போக, தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கும் சோகோ மென்பொருள் நிறுவன அலுவலகம் போன்றவை ஒருசிலவாகவே இருக்க, இப்பகுதியில் பலருக்கு வேலைத்தலம் இன்னும் வீடாகவே இருக்கிறது.

செய்யத்தக்கவை எளியவை. கணினியில் வேலை பார்ப்பவர் திரையைப் புத்தகக் கட்டின்மேல் ஏற்றி, அதன் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி வைத்து, தனி விசைப்பலகையை முழங்கை உயரத்தில் வைத்துக்கொண்டால் கழுத்தின் சுமை பெரிதும் குறையும். மடிக்கணினியின் குறையே திரையும் விசைப்பலகையும் பிரியாமல் இருப்பது. ஒன்று சரியான உயரத்தில் இருந்தால் மற்றது தவறான உயரத்தில்தான் இருக்கும். கடையில் விற்கும் உணவு மேசையின் உயரம் ஏறத்தாழ 75 செ.மீ.; இந்தியப் பெண்ணின் சராசரி உயரமோ 152 செ.மீ. அளவு. அந்த மேசைக்கேற்ற நாற்காலியில் அமர்ந்தால் அவருடைய பாதம் தரையில் பதியாமல் தொங்கும், தோள் உயரும், தொடையின் அடிப்பகுதி அழுந்தும். இந்திய உடலளவுகளைத் திரட்டி அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997 ஆம் ஆண்டிலேயே நூலாக வெளியிட்டிருக்கிறது. கடைகளில் குவிந்திருக்கும் மேசைநாற்காலிகள் அதைக் கண்டதற்கான அறிகுறி அரிது. காலடியில் ஒரு மணையோ, இரண்டு செங்கலின்மேல் ஒரு பலகையோ போட்டால் இந்தக் குறையில் பெரும்பகுதி தீரும். பனைநார்க் கட்டிலில் அமர்ந்து வேலை செய்வதைத் தவிர்க்க வேண்டும். உறக்கத்துக்கு ஏற்ற அதன் தொய்வு, உட்காருபவரின் இடுப்பைப் பின்னே சாய்த்து முதுகை வளைத்துவிடும்.

தரையில் இருப்பவருக்கும் வழி உண்டு. மடித்த போர்வையையோ தாழ்ந்த மணையையோ அடியில் போட்டு, இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரும்படி அமர்ந்தால் குறுக்கின் இயல்பான உள்வளைவு குலையாது. முதுகுக்குச் சுவரும் சுவருக்கும் குறுக்குக்கும் நடுவே ஒரு தலையணையும் துணையாகலாம். சுளகை மடியிலிருந்து எடுத்து, நான்கு விரற்கடை முதல் ஒரு சாண் வரை உயரமுள்ள பலகைமேல் கணக்குப்பிள்ளைப் பெட்டிபோல் கொஞ்சம் சாய்த்து வைப்பதே இருப்பவற்றுள் பெரிய மாற்றம். கத்தரியின் பிடிவளையத்தில் துணி சுற்றினால் கட்டைவிரலின் அடியில் தோல் அழுந்தாது. ஒரு காலை நீட்டி, பிறகு மற்றதை நீட்டி, மாற்றி மாற்றி உட்காருவது மரப்பைக் குறைக்கும். இலை வெட்டுவதை முழுதும் முடித்துவிட்டுச் சுற்றத் தொடங்காமல், கொஞ்சம் வெட்டிக் கொஞ்சம் சுற்றி, நூலோ தூளோ எடுக்க எழுந்து போகும்படி அவற்றை எட்டாத இடத்தில் வைத்தால், கூலி குறையாமலே உடலுக்கு அசைவு கிடைக்கும். புகையிலைத் தூளின் கேட்டை இவை எதுவும் நீக்காது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்கான விடை, இப்பெண்களுக்கு வேறு நல்ல வேலை உருவாவதில்தான் இருக்கிறது.

எந்த வலிக்குக் காத்திருக்கக் கூடாது என்பதையும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நலம். கையிலோ காலிலோ வலு குறைதல், கையிலிருந்து பொருள் நழுவுதல், சிறுநீர் மலம் அடக்க முடியாமை, தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதி மரத்துப்போதல், காய்ச்சலோடும் எடைக்குறைவோடும் வரும் முதுகுவலி, ஓய்விலும் நள்ளிரவிலும் தணியாத வலி ஆகியவை கண்டால் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இடது தோளிலும் கையிலும் வியர்வையோடும் மூச்சுத்திணறலோடும் வரும் வலியை வேலைக் களைப்பு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கவே கூடாது. அது இதயத்தின் வலியாக இருக்கலாம்.

1966 ஆம் ஆண்டின் சட்டம், 2020 ஆம் ஆண்டின் பணிப்பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத்தொகுப்பில் இணைக்கப்பட்டுவிட்டது. அதன்கீழ் தமிழ்நாட்டின் விதிகள் நடைமுறைக்கு வரும்போது, வீடு என்னும் வேலைத்தலத்துக்கும் வெளிச்சம், இருக்கை, ஓய்வு பற்றிய குறைந்த அளவு நெறிகள் இடம்பெற வேண்டும். எழுந்து நடக்கும் நிமிடங்களையும் சேர்த்து ஆயிரத்துக்கான கூலி கணக்கிடப்பட வேண்டும். பீடித் தொழிலாளர் மருத்துவமனைகளிலும் முகாம்களிலும் மார்புச் சோதனையோடு கழுத்து, தோள், மணிக்கட்டு, முழங்கால் சோதனையும் நடைபெற வேண்டும். இலையும் தூளும் எடை போட்டுக் கொடுக்கும் பீடிக்கடை, அவற்றோடு சுளகை ஏற்றி வைக்க ஒரு பலகையும் சேர்த்துக் கொடுப்பதற்கு எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை. ஊர்த் தச்சர் ஒருவர் அரைநாளில் செய்துவிடக்கூடியது அது.